வசவுக்காரியின் தொண்டை

வசவு என்றால் கெட்ட வார்த்தை என்று நினைப்பவர்களை எங்கள் தெரு மர மில்லில் ஒரு நாள் முழுக்க நிற்க வைக்க வேண்டும். குடித்துவிட்டுத் தெருமுனையில் நின்று உளறுகிறானே, அது கெட்ட வார்த்தை. வயிறெரிந்து நாசமாய்ப் போ என்றால் சாபம். பெற்றவளையும் பிறப்பையும் இழுத்துப் பேசினால் வாய்க்கொழுப்பு, அதற்குச் செருப்புதான் மருந்து. வசவு இதில் எதிலும் சேராது. மில்லுக்கு எதிரே மெத்தையும் சோபா உறையும் தைக்கிற கடை என்னுடையது. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வருஷக்கணக்காகக் காதால் கேட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

அந்த மில்லில் வசவு என்பது ஒரு வேலை. அந்த வேலையைப் பார்த்தவளுக்கு வசவுக்காரி என்றே பெயர். அவள் புருஷன்தான் அங்கே ரம்பக்காரர். இரண்டு சக்கரத்தில் மாட்டி மேலும் கீழுமாக ஓடுகிற பட்டை ரம்பம் அவருடைய பொறுப்பு. இந்தப் பக்கம் தூள்மூட்டை என்று பெயர் வாங்கிய ஒருவன் மரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுவான். அந்தப் பக்கம் நெட்டை என்பவன் அறுபட்டு வரும் பலகையை இழுப்பான். மூன்று பேருக்கும் கண் மரத்தின் மேல்தான் இருக்கும், அவரவர் கை எங்கே போகிறது என்று அவரவருக்குத் தெரியாது. அதைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் தள்ளி ஒரு அடிமரத்துண்டின் மேல் வசவுக்காரி நிற்பாள்.

ரம்பம் ஓடும்போது யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மில்லில் இது கண்டிப்பான வழக்கம். பேரைக் கேட்டால் மனுஷன் திரும்பிப் பார்ப்பான். திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு கையும் போகும். திட்டினால் அப்படி இல்லை. எதிர்பாராமல் ஒரு வசவு வந்து விழுந்தால் எப்பேர்ப்பட்டவனும் ஒரு நொடி அப்படியே விறைத்து நிற்பான். நீங்களே யாரையாவது சுருக்கென்று திட்டிப் பாருங்கள். அந்த ஒரு நொடிதான் அவளுக்கு வேண்டியது. "வளைஞ்ச சட்டமே! சட்டையை இழுத்துச் சொருகுடா!" என்று அவள் கத்தினால் நெட்டை சிலையாகி நிற்பான், பிறகு சட்டையைச் சொருகுவான். அந்த மில்லில் அத்தனை பேருக்கும் கையில் விரல்கள் முழுசாக இருந்தன. மர மில்லைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

அவள் வசவில் ஒரு ஆபாசம் கிடையாது. மில்லில் கிடக்கிறதை எடுத்தே திட்டுவாள். பட்டை, சிலாம்பு, முடிச்சு, தூள். தேய்ந்த வசவு வேலைக்கு ஆகாது என்பாள். "தெனமும் ஒரே மாதிரி திட்டினா பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி ஆயிடும்க்கா. புருவம்கூட அசையாது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் ஆளுக்கொரு வசவு இருந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் புதுசு புதுசாக ஏதாவது ஒட்டவைப்பாள். புது ஆள் சேர்ந்தால் அவனுக்கு வசவு விழுகிற வரைக்கும் அவன் விருந்தாளிதான். விழுந்த அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தருவான். ரம்பக்காரருக்கு உளுத்த கட்டை என்று வைத்திருந்தாள். இருபது பேர் நடுவில் பெண்டாட்டி அப்படிக் கூப்பிட்டாலும் அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுளிப்பு வராது. அவளுக்கு மட்டும் வசவு கிடையாது. அவளைத் திட்ட யாருக்கு வாய் இருந்தது?

இப்பேர்ப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. முதலில் கரகரப்பு என்றார்கள். சுடுதண்ணீர், உப்புத்தண்ணீர் எல்லாம் கொப்பளித்தாள். மழைக்காலம் பிடித்துக்கொண்டு மரமெல்லாம் ஈரமாய் வந்து இறங்கியபோது அவள் குரலும் ஈரமரம் அறுபடுகிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு தொண்டை டாக்டரம்மாவிடம் போனேன். பிறகு ஆஸ்பத்திரி, மயக்கமருந்து, கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்ததும் நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"சந்தோஷப்படறது இருக்கட்டும்," என்றார் டாக்டரம்மா. "ஒரு மாசம் இவங்க வாயே தெறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. உள்ள புண்ணு ஆறணும். ஆறாத நேரத்துல ஒரே ஒரு தடவை கத்தினாலும் போச்சு, அப்புறம் குரல் திரும்பி வராது. என்ன வேலை பாக்கறாங்க?"

"திட்டறாங்க," என்றார் ரம்பக்காரர்.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாளே வம்பு ஆரம்பித்தது. வசவுக்காரி காலையில் எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒரு துண்டை வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மில்லுக்குப் புறப்பட்டுவிட்டாள். ரம்பக்காரர் வாசலில் கையை விரித்து நின்றார்.

"வேணாம்மா. நீ அங்க வந்து நின்னா உன்னால கத்தாம இருக்க முடியாது. எனக்குத் தெரியாதா உன்னை?"

அவள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். பார்க்க மட்டும்தான் வருகிறேன் என்று அர்த்தம்.

"பாத்தா கத்துவ. கண்ணுக்கும் வாய்க்கும் உனக்கு நடுவுல ஒண்ணும் கிடையாது."

அவள் அவர் கை இடுக்கில் குனிந்து வெளியே வந்து நடையைக் கட்டினாள். அவள் அடிமரத்துண்டின் மேல் நிற்காத நேரத்தில் ரம்பம் ஓடுவதை அவளால் வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியாது. தெரு முழுக்கக் கேட்கிற சத்தம் அது. அவளைக் குறை சொல்ல முடியுமா? அவர் கை அங்கே இருக்கிறது. ஆனால் நின்றால் ஒரு நாள் கத்துவாள், கத்தினால் குரல் போகும். வேறு யாராவது அந்த இடத்தில் நின்று உருப்படியாகத் திட்டினால் ஒழிய இதற்கு வழி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முதலாளி நல்ல மனுஷன், அவருக்குத் தெரிந்த வழியைச் செய்தார். ஒரு மின்சார மணியை வாங்கி மாட்டினார். ஆபத்து என்றால் பட்டனை அமுக்கினால் போதும். அமுக்கிப் பார்த்தார்கள். கிர்ரென்று அடித்தது. மில்லில் இருந்த அத்தனை பேரும் யாருக்கு அடிக்கிறது என்று திரும்பி மணியைப் பார்த்தார்கள். ரம்பக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு, "இது ரொம்ப நல்ல மணிங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வெச்சுக்கலாம்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கஞ்சி ஆற்றி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சூடாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. கூடத்தில் நெட்டை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், எதிரில் ரம்பக்காரர் வியர்த்து வழிய நிற்கிறார். அவருக்குத் திட்டப் பழக்குகிறானாம். அவர் திட்டக் கற்றுக்கொண்டால், ரம்பத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அடிமரத்துண்டில் தானே ஏறி நிற்கலாம் என்று யோசனை.

"திட்டுங்க மேஸ்திரி. நல்லா வயித்துலேர்ந்து."

"நெட்டை, நீ... நீ செய்யறது அவ்வளவு சரியில்லப்பா."

"இது வசவா?"

"கொஞ்சம் கோவமாத்தானே சொன்னேன்."

"மேஸ்திரி, எங்கப்பன் என்னைக் கொஞ்சறப்பகூட இதைவிடக் கடுமையாப் பேசுவாரு. இன்னொரு தடவை. என்னை ஒரு மரமா நெனச்சுக்கங்க."

"மரத்தை எதுக்குப்பா திட்டணும்? அது என்ன பண்ணுச்சு?"

வசவுக்காரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கவும் கூடாதே! தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். ரம்பக்காரர் பயந்துபோய் அவள் முதுகைத் தடவி, "சிரிக்காதம்மா, சிரிக்காத, நான் நிறுத்திடறேன்" என்று கெஞ்சினார். இந்த வீட்டில் இருக்கிற திட்டு அத்தனையும் ஒருத்தி வாயிலும், பொறுமை அத்தனையும் ஒருத்தர் தலையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த மருமகள் சொன்னாள்: "மாமா, நான் நிக்கறேன்."

மருமகளைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகன் மரம் ஏற்றி வர லாரியில் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். இவள் மில்லில் பலகைகளை அளந்து சுண்ணக்கட்டியால் குறி போடுகிற வேலை பார்த்தாள். மெல்லப் பேசுவாள், கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவாள். மாமியார் ஊரையே திட்டினாளே தவிர இவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வாங்க, சாப்பிடுங்க, நீங்க ஏன் தூக்கறீங்க, வெச்சிடுங்க" என்பாள். தெருவில் எல்லோரும் மருமகள் கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

அந்தப் பெண் ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து பஞ்சு பிய்த்துக்கொண்டே அழுதது எனக்குத்தான் தெரியும். "அத்தைக்கு என்னைப் புடிக்கலக்கா" என்றாள். "நேத்து வந்து சேந்தவனைக்கூட 'சிலாம்பு'ன்னு கூப்பிடறாங்க. என்னை நீங்க, வாங்கன்றாங்க. குழம்புல உப்பு அள்ளிப் போட்டேன், வேணும்னேதான் போட்டேன். அப்பவும் 'பரவால்ல, நல்லாருக்கு'ன்னு சாப்பிட்டாங்க. நான் இன்னும் வேத்தாளுதான்."

"அடிப்பாவி, திட்டு வாங்கறதுக்கா அழற?"

"ஆமாக்கா," என்று மூக்கை உறிஞ்சினாள்.

அவள் நிற்கிறேன் என்றதும் வசவுக்காரி தலையைப் பலமாக ஆட்டி வேண்டாம் என்றாள். ஆனால் மருமகள் மறுநாள் காலையில் மாமியாருக்கு முன்னால் போய் அடிமரத்துண்டில் ஏறி நின்றுவிட்டாள். மாமியார் வாயில் கட்டிய துண்டோடு பக்கத்திலேயே நின்றாள். ஒரு மரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது மரத்தில் நெட்டையின் கால் பலகைக்கு அடியில் மாட்டுகிற மாதிரி போயிற்று. மருமகள் தன்னால் முடிந்த அளவு குரலை உயர்த்தி, "அண்ணே, கால் பாத்துங்க!" என்றாள்.

இத்தனை மரியாதையாகத் தன்னை யார் கூப்பிடுகிறார்கள் என்று நெட்டை முழுசாகத் திரும்பிப் பார்த்தான். பிடி நழுவிப் பலகை எகிறியது. அவன் விலாவை உரசிக்கொண்டு போய் முதலாளி அறைக் கண்ணாடியில் விழுந்தது. நல்லவேளை, தோல் சிராய்த்ததோடு போயிற்று. ஆனால் நான் கடையிலிருந்து ஓடி வந்தபோது பார்த்தது கண்ணாடியை அல்ல. வசவுக்காரி தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மண்டி போட்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்த வந்ததைக் கையால் அடைத்து நிறுத்தியிருக்கிறாள். இன்னொரு தடவை நிறுத்த அவளால் முடியாது என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அக்கா, எனக்கு வரலக்கா," என்றாள் மருமகள். "பெரியவங்களைப் போய் எப்படிக்கா?"

"உனக்கு யார் மேலயாவது கோவம் வந்திருக்கா?"

"வரும்க்கா. வந்தா அழுதுடுவேன்."

போயும் போயும் இவளா என்று தலையில் அடித்துக்கொண்டு நான் கடைக்குத் திரும்பினேன்.

பிறகு நாலைந்து நாள் மழை விடாமல் பெய்தது. வந்து இறங்கிய மரம் ஒவ்வொன்றும் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. ஈரமரம் அறுப்பது கஷ்டம். அறுத்த வாய் மறுபடி மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும், ஆப்பு அடித்து அடித்துத்தான் தள்ள வேண்டும். ஈரத்தூள் அப்பிக்கொள்ளும். மருமகள் விடாமல் அடிமரத்துண்டில் போய் நின்றாள், ஆனால் வாய் திறக்கிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் பயந்து பயந்து மெதுவாக வேலை செய்தார்கள். மாமியாரும் துண்டைக் கட்டிக்கொண்டு தினமும் வந்தாள். அவளை வீட்டில் இருத்துகிற முயற்சியை ரம்பக்காரர் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக வேலை நடுவில் அடிக்கடி ஓரக்கண்ணால் அவளைப் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் வினையாயிற்று.

நான் அன்றைக்கு மெத்தைக்குள் திணிக்க உலர்ந்த மரச்சுருள் கேட்டு மில்லுக்குள் போயிருந்தேன். பெரிய மரம் ஒன்று பாதி அறுபட்டிருந்தது. வசவுக்காரிக்குத் துண்டுக்குள் இருமல் வந்தது. சின்ன இருமல்தான். ரம்பக்காரர் கண் அவள் பக்கம் போனது. அதே நேரம் ரம்பத்தின் பல்லுக்குப் பக்கத்தில் தெறித்த மரச்சிலாம்பு ஒன்று வந்து நின்றது. அதைக் குச்சியால்தான் தட்ட வேண்டும், பக்கத்திலேயே குச்சி தொங்குகிறது. மனுஷன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே வெறும் கையை நீட்டினார்.

வசவுக்காரி துண்டைப் பிய்த்து எறிந்தாள். வாய் திறந்துவிட்டது, மார்பு மேலே ஏறிவிட்டது. குரல் போனால் போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"டேய் உளுத்த கட்டை! அடுப்புக்குக்கூட ஆகாத கரையான் புத்தே! வெச்ச கையை வெச்ச எடத்துல நிறுத்துடா!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. ரம்பக்காரர் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பல்லுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம்கூட இல்லை. தூள்மூட்டை பாய்ந்து மோட்டாரை நிறுத்தினான். ரம்பம் உஸ்ஸென்று ஓய்ந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

நாங்கள் எல்லோரும் வசவுக்காரியைப் பார்த்தோம். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. கை இரண்டும் கழுத்தில் இருந்தன. அவள் தலை நிமிர்ந்து அடிமரத்துண்டின் மேல் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மருமகள் நின்றாள். முகமெல்லாம் சிவந்து, கைமுட்டி இறுகி, நீட்டிய விரல் இன்னும் மாமனாரைக் காட்டிக்கொண்டிருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது மெல்லமெல்ல அவளுக்கு உறைத்தது.

"ஐயையோ! மாமா! மன்னிச்சிடுங்க மாமா! நான் உங்களைப் போயி... டா போட்டு..." என்று கீழே இறங்கி ஓவென்று அழுதாள்.

"இரும்மா," என்றார் ரம்பக்காரர். "மொதல்ல விரலை எண்ணிக்கறேன். அப்புறம் அழலாம்." எண்ணினார். பிறகு கையை மார்போடு சேர்த்துக்கொண்டு மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "கரையான் புத்து புதுசா இருக்கு. அது உங்க அத்தைகூடச் சொன்னதில்ல."

வசவுக்காரி கிட்டே வந்தாள். முந்தானையால் மருமகள் முகத்தில் கண்ணீரோடு அப்பியிருந்த மரத்தூளைத் துடைத்தாள். அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடிமரத்துண்டின் மேல் நிறுத்தினாள். பிறகு துண்டை எடுத்துத் தட்டி மடித்துக்கொண்டு, குடைகூட வாங்காமல், மழையில் நனைந்தபடி நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ரம்பம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் படுத்துக் கிடந்தாள். நான் கஞ்சி கொண்டுபோனபோது இரண்டொரு நாள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷத்துத் தூக்கமோ!

மாசம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். புண் ஆறிவிட்டது என்றார். பேசலாம். மெல்லப் பேச வேண்டும், இனிமேல் ஆயுசுக்கும் கத்தக் கூடாது. வசவுக்காரி தலையை ஆட்டிக்கொண்டாள். வழியெல்லாம் நான் பேசச்சொல்லிக் கேட்டும் வாய் திறக்கவில்லை. நேராக மில்லுக்கு நடந்தாள்.

சாப்பாட்டு நேரம். மோட்டார் ஓய்ந்திருந்தது. எல்லோரும் மரத்தின் மேல் உட்கார்ந்து டப்பாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்கள். முதல் வார்த்தை யாருக்கு என்று ஆளாளுக்கு ஆசை. நெட்டை சட்டையை வேண்டுமென்றே வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். புருஷனையும் தாண்டிப் போனாள். மருமகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏண்டி," என்றாள். மெலிந்து, தேய்ந்து, உப்புத்தாள் உரசுகிற மாதிரி ஒரு குரல். ஆனால் அவள் குரல்தான். "ஏண்டி பச்சைமரமே, உளுத்த கட்டைங்கறது நான் எம்புருஷனுக்கு வெச்சது. அதை எடுத்துப் பேச உனக்கு யாருடி அதிகாரம் குடுத்தா?"

மருமகள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வாய் மட்டும் காதுவரை சிரித்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை," என்றாள்.

"ஒரு தடவை சொன்னா ஏறாதா? காதுல என்ன, மரத்தூளா?"

"மரத்தூள்தான் அத்தை."

"உப்பு அள்ளிப் போட்ட குழம்பை வாயை மூடிக்கிட்டுத் தின்னேனே, அதுக்கும் சேத்து வெச்சிருக்கேன். வீட்டுக்கு வா."

"அப்பவே திட்டியிருக்கலாம்ல அத்தை?"

வசவுக்காரி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "பெத்த வீட்டை விட்டு வந்த புள்ள. உனக்கு மனசு பழகட்டும்னு இருந்தேண்டி," என்றாள். நெட்டை தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று இருமிக் காட்டினான். "போடா வளைஞ்ச சட்டமே, சட்டையைச் சொருகு," என்றதும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

சாப்பாடு முடிந்து மோட்டார் கிளம்பியது. மருமகள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடிமரத்துண்டில் ஏறினாள். வசவுக்காரிக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எத்தனை வருஷம் ஒரே இடத்தில் நின்ற காலோ, கீழே நின்று பழக்கமில்லை. புருஷன் கையைப் பார்க்கிற ஆசையில் ஒவ்வொரு அடியாக முன்னால் நகர்ந்து, தள்ளுவண்டி வருகிற தடத்திலேயே போய் நின்றுவிட்டாள். மரம் அவள் பக்கமாக உருண்டு வந்துகொண்டிருந்தது.

"ஏய் வைரம் பாஞ்ச கட்டை! நட்டு வெச்ச மாதிரி எங்க நிக்கற? தள்ளுடி பின்னாடி!"

வசவுக்காரி விறைத்து நின்றாள். தோள் அசையவில்லை, தலை திரும்பவில்லை. ஒரு நொடி. பிறகு அப்படியே பின்னால் இரண்டடி வைத்தாள். வண்டி அவள் சேலையை உரசாமல் கடந்து போனது. அவள் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"கேட்டியாக்கா," என்றாள். ரம்பச் சத்தத்தில் எனக்கு உதடு மட்டும்தான் தெரிந்தது. "எனக்கு வெச்சுட்டா."

அன்றைக்குச் சாயங்காலம் மில் முழுக்க அவள் டீ வாங்கித் தந்தாள்.